அமெரிக்காவின் அடிமைமுறையும் புது நிலங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் பள்ளிப் பாடத்தில் அமெரிக்க வரலாறு இரண்டே வரியில் முடிந்துவிடும். வாஷிங்டன் சுதந்திரம் வாங்கித் தந்தார், லிங்கன் அடிமைகளை விடுவித்தார். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் எழுபது சொச்சம் ஆண்டுகளைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம், அமெரிக்காவில் பேரப்பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக் குழம்பிப்போன தாத்தா பாட்டிகள் இன்னொரு பக்கம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்று மட்டும்: கீழே 'காங்கிரஸ்' என்று வருவது அவர்களுடைய நாடாளுமன்றம், நம்மூர்க் கட்சி அல்ல. அதில் பிரதிநிதிகள் சபை கீழ்ச்சபை, செனட் மேல்சபை.

லிங்கன் அடிமைகளை விடுவிக்கத்தானே போருக்குப் போனார்?

வடக்கும் தெற்கும் மோதிய அந்த உள்நாட்டுப் போர் தொடங்கும்போது இல்லை. 1861 மார்ச்சில் பதவியேற்ற அன்றே, ஏற்கெனவே அடிமைமுறை இருக்கும் மாநிலங்களில் கைவைக்கும் எண்ணம் தனக்குக் கிடையாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அவர் விட்டுக்கொடுக்க மறுத்தது வேறொன்றை. மேற்கே புதிதாகச் சேர்ந்த நிலங்களுக்கு அடிமைமுறை பரவக் கூடாது என்பதில் அவர் அசையவில்லை. அடிமைகளை வைத்திருக்கலாமா என்பதைவிட, அடுத்து கைக்கு வரும் நிலத்துக்கு அவர்களைக் கொண்டுபோகலாமா என்பதுதான் அந்த நாட்டு அரசியலை ஆட்டிப்படைத்தது. புது நிலம் வந்தபோதெல்லாம் பழைய சண்டை எழுந்து உட்கார்ந்தது.

அரசியல் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லே கிடையாதாமே?

1787இல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதிய மூலத்தில் கிடையாது. ஆள் இருக்கிறார், பெயர்தான் இல்லை. 'மற்ற ஆட்கள்' என்றும் 'வேலை செய்யக் கட்டுப்பட்டவர்' என்றும் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குவதை 1808 வரை காங்கிரஸ் தடுக்கக் கூடாது. ஒரு மாநிலத்திலிருந்து தப்பி ஓடியவரை அடுத்த மாநிலம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இந்த இரண்டைவிடப் பெரிய விளைவு ஏற்படுத்தியது மூன்றாவது: மக்கள்தொகைப்படி பிரதிநிதிகள் சபை இடங்களைப் பிரிக்கும்போது, அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்து எண்ண வேண்டும்.

இதைப் படிக்கிறவர்கள், 'கறுப்பரை முக்கால் மனிதராகக்கூட மதிக்கவில்லை' என்று கோபப்படுவார்கள். கோபம் நியாயம்தான், ஆனால் கணக்கு இன்னும் மோசமானது. அடிமைகளை முழு ஆளாக எண்ணச் சொன்னவர்கள் அவர்களுடைய முதலாளிகள். எண்ணவே கூடாது என்றவர்கள் வடக்கத்தியர். அடிமைக்கு ஓட்டு கிடையாது; தலைகளை எண்ணி வந்த பலன் முழுக்க எஜமானருக்கு.

1790 கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவில் சுதந்திர மக்கள் சுமார் 4.55 லட்சம், அடிமைகள் 2.92 லட்சம். பென்சில்வேனியாவில் சுதந்திர மக்கள் 4.3 லட்சம், அடிமைகள் நாலாயிரத்துக்கும் குறைவு. இரண்டு ஊரிலும் சுதந்திரமாக இருந்தவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு. கிடைத்த இடங்களோ பென்சில்வேனியாவுக்கு 13, வர்ஜீனியாவுக்கு 19. இதே எண்ணிக்கைதான் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவுக்கும் அடிப்படை. 1800 தேர்தலில் ஜெஃபர்சன் 73, ஆடம்ஸ் 65. அடிமைகளை வைத்து வந்த இடங்களைக் கழித்துவிட்டால் ஆடம்ஸ் ஜெயித்திருப்பார். முதல் 12 ஜனாதிபதிகளில் வாழ்க்கையில் ஒருபோதும் அடிமை வைத்திராதவர்கள் இரண்டு பேர்: அந்த ஆடம்ஸும் அவர் மகனும்.

அப்படியானால் வடக்கில் அடிமைகளே இல்லையா?

இருந்தார்கள். நியூயார்க்கில் அடிமைமுறை முழுதாக ஒழிந்தது 1827இல்தான். பென்சில்வேனியா 1780இலேயே சட்டம் போட்டது. ஆனால் அன்று அடிமையாக இருந்தவர் அடிமையாகவே இருக்க, இனிப் பிறக்கும் குழந்தை 28 வயதுவரை உழைத்துவிட்டு விடுதலையாகலாம் என்ற கதை. வடக்கத்தியரின் நல்ல மனசு பற்றி யாராவது ரொம்பப் பேசினால் இதை ஞாபகப்படுத்தலாம்.

ஓர் எந்திரம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்கிறார்களே, உண்மையா?

பெருமளவு உண்மை. கடற்கரையைத் தாண்டி உள்நாட்டில் விளையக்கூடியது குட்டை இழைப் பருத்தி. அதில் கொட்டையும் பஞ்சும் ஒட்டிக்கொண்டு பிரியாது. ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து பிய்த்தால் ஒரு பவுண்டு பஞ்சு தேறும். 1793இல் ஜார்ஜியாவில் ஒரு தோட்டத்தில் தங்கியிருந்த ஈலை விட்னி, கம்பிப் பற்கள் வைத்த உருளை ஒன்றைச் செய்தார். பற்கள் பஞ்சைப் பிடித்துச் சின்ன இடுக்குகள் வழியாக இழுக்கும், கொட்டை இந்தப் பக்கமே நின்றுவிடும், பின்னால் சுழலும் தூரிகை பஞ்சைத் துடைத்து எடுக்கும். ஒரு நாளைக்கு 50 பவுண்டு.

எந்திரம் வந்தால் ஆள் தேவை குறையும் என்றுதானே நினைப்போம்? கொட்டை எடுக்கும் வேலை குறைந்தது. விதைக்க, களையெடுக்க, பறிக்க எந்திரம் கிடையாது. பருத்தி எடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், வெடித்த காயின் ஓட்டு முனை விரலைக் கீறிவிடும். அந்த வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் பிடிப்பது கஷ்டம். கூலியே கொடுக்காமல் சவுக்கை வைத்து வேலை வாங்கினார்கள். 1790இல் சில ஆயிரம் பொதியாக இருந்த விளைச்சல் 1860இல் சுமார் 40 லட்சம் பொதி. அதே காலத்தில் அடிமைகளின் எண்ணிக்கை 7 லட்சத்திலிருந்து கிட்டத்தட்ட 40 லட்சம் ஆனது. வருஷா வருஷம் பருத்தியே போட்டால் மண் சத்திழந்துபோகும். தோட்டக்காரர்களின் கண் எப்போதும் மேற்கே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

லூசியானாவை பிரான்ஸ் ஏன் அவ்வளவு மலிவாக விற்றது?

லூசியானா என்றால் இன்றைய மாநிலம் மட்டும் அல்ல, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரிந்த பெருநிலம். அதை விற்கக் காரணம் ஹைத்தியின் அடிமைகள். கரீபியனில் பிரான்ஸுக்குப் பணம் கொட்டிய சர்க்கரைத் தீவு செயின்ட் டொமிங்கு, அதாவது இன்றைய ஹைத்தி. 1791இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். தீவைத் திரும்பப் பிடிக்க நெப்போலியன் அனுப்பிய படையைப் போராளிகள் பாதியும் மஞ்சள் காய்ச்சல் பாதியுமாக முடித்துவைத்தார்கள். தீவே போன பிறகு, அதற்குச் சோறு போடத் திட்டமிட்டிருந்த லூசியானா எதற்கு? 1803இல் 1.5 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். சுமார் 8,28,000 சதுர மைல். அமெரிக்கா ஒரே கையெழுத்தில் இரட்டிப்பானது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துகிற இடம் இதுதான். தங்கள் விலங்கைத் தாங்களே உடைத்தவர்களின் வெற்றியால் கிடைத்த நிலம், பக்கத்து நாட்டில் இன்னும் பல லட்சம் பேருக்கு விலங்கு பூட்டப் பயன்பட்டது. ஹைத்தியை ஒரு நாடாக அமெரிக்கா அங்கீகரிக்கவே 1862 ஆகிவிட்டது.

அந்த நிலமெல்லாம் காலியாகவா கிடந்தது?

இல்லவே இல்லை. ஜார்ஜியாவின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களுக்குச் சொந்த எழுத்து இருந்தது, அந்த எழுத்தில் அச்சான செய்தித்தாள் இருந்தது, எழுதப்பட்ட அரசியல் சட்டம் இருந்தது. 1830இல் ஜனாதிபதி ஜாக்சன் காலத்தில் பூர்வகுடி வெளியேற்றச் சட்டம் வந்தது. 1832இல் உச்ச நீதிமன்றம் செரோக்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியும் பலனில்லை. 1838-39இல் ராணுவம் சுமார் 16,000 பேரை இன்றைய ஓக்லஹோமாவை நோக்கி ஓட்டிச் சென்றது; வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் இப்படிக் காலி செய்யப்பட்ட மண்ணில்தான் பருத்தி ஏறியது. செரோக்கிகளில் வசதியானவர்கள் சிலரும் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள், போகும்போது கூடவே இழுத்துப் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1808இல் அடிமை இறக்குமதியைத் தடைசெய்துவிட்டார்களே, புதுத் தோட்டங்களுக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள்?

உள்நாட்டிலிருந்தே. வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் புகையிலை மண் தளர்ந்துவிட்டது, அடிமைகள் 'உபரி'. தெற்கே பருத்திச் சீமையில் பற்றாக்குறை. நடுவில் தரகர்கள் முளைத்தார்கள். இறக்குமதித் தடையை வர்ஜீனியா முதலாளிகள் எதிர்க்காததன் சூட்சுமமும் இதுதான். வெளிச்சரக்கு நின்றால் உள்சரக்குக்கு விலை ஏறும்.

1828இல் ஐசக் ஃபிராங்க்ளின், ஜான் ஆர்ம்ஃபீல்ட் என்ற இரண்டு கூட்டாளிகள், தலைநகர் வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு செங்கல் வீட்டில் கடை போட்டார்கள். பின்புறம் உயரமான சுவர் எழுப்பிய முற்றங்கள், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. சிலரைக் கப்பலில் நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் நடை. ஆண்களை இரண்டிரண்டு பேராகக் கைவிலங்கு பூட்டி, எல்லா ஜோடியையும் ஒரே நீளச் சங்கிலியில் கோத்து, மிசிசிப்பி கரையின் நாட்செஸ் சந்தைக்கு ஏறக்குறைய ஆயிரம் மைல் நடத்திப் போவார்கள். சந்தை நெருங்கியதும் நல்ல சாப்பாடு, புதுத் துணி, நரைத்த முடிக்குச் சாயம். மாட்டுத் தாவணியில் கொம்பு சீவி எண்ணெய் தடவி நிறுத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா, அதேதான்.

1790க்கும் 1860க்கும் நடுவே இப்படித் தெற்குக்கும் மேற்குக்கும் பெயர்க்கப்பட்டவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். எஜமானர் கடனில் விழுந்தாலோ, செத்துச் சொத்துப் பாகம் பிரித்தாலோ, ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் அன்றோடு முடிந்தது.

மிசோரி சமரசம் என்றால் என்ன? தேர்வில் தவறாமல் கேட்கிறார்களே.

செனட்டில் மாநிலம் பெரிதோ சிறிதோ இரண்டு இடம்தான். 1819இல் அடிமைமுறை உள்ள மாநிலங்கள் 11, இல்லாதவை 11. தராசு சமமாக நின்றது. மக்கள் பெருகிய வடக்கு, பிரதிநிதிகள் சபையில் முந்திவிட்டிருந்ததால் தெற்குக்கு செனட்தான் அரண். அந்த நேரம் பார்த்து, சுமார் 10,000 அடிமைகளோடு மிசோரி மாநில அந்தஸ்து கேட்டு வந்தது.

நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மட்ஜ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: மிசோரிக்குள் இனிப் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது, மாநிலமான பிறகு பிறக்கும் அடிமைக் குழந்தைகள் 25 வயதில் விடுதலை. இப்போது பார்த்தால் நத்தை வேகம். அன்றோ சபையில் உள்நாட்டுப் போர் என்ற பேச்சே எழுந்துவிட்டது. கீழ்ச்சபை ஏற்றது, செனட் தள்ளியது.

1820இல் வழி கண்டார்கள். மிசோரி அடிமை மாநிலமாக வரட்டும், மாசசூசெட்ஸிலிருந்து மெய்ன் பகுதியைப் பிரித்துச் சுதந்திர மாநிலம், அதாவது அடிமைமுறை இல்லாத மாநிலம் ஆக்குவோம், 12க்கு 12. லூசியானா நிலத்தின் மிச்சத்தில் 36 பாகை 30 நிமிட அட்சக்கோட்டில் கோடு; மிசோரி நீங்கலாக, அதற்கு வடக்கே அடிமைமுறை இல்லை. வரப்புத் தகராறுக்குக் கயிறு பிடித்து அளப்பதுபோல ஒரு கண்டத்துக்கே கயிறு பிடித்தார்கள். ஓய்விலிருந்த ஜெஃபர்சன், இந்தச் செய்தி நடுராத்திரியில் அடிக்கும் தீ மணிபோல் தன்னைத் திடுக்கிட வைத்தது என்று கடிதம் எழுதினார். ஓநாயின் காதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், பிடித்திருக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்பதும் அதே கடிதத்தில்தான். நாம் புலிவாலைப் பிடித்த கதை என்போம். அவர் வீட்டிலேயே அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள்.

மெக்சிகோவோடு போர் எதற்கு?

டெக்சாஸ் மெக்சிகோவின் பகுதி. அங்கே குடியேறிய அமெரிக்கர்கள் அடிமைகளோடு போனார்கள். 1829இல் மெக்சிகோ அடிமைமுறையை ஒழித்தது. டெக்சாஸுக்கு விலக்கு வாங்கியும் குடியேறிகளுக்கு நிம்மதி இல்லை. வேறு குறைகளும் சேர்ந்துகொள்ள 1836இல் தனி நாடானார்கள். அமெரிக்காவோடு சேரக் கேட்டபோது, தராசு சாயுமே என்ற பயத்தில் ஒன்பது ஆண்டு இழுத்தடித்து, 1845இல்தான் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே ஜனாதிபதி போல்க் எல்லைத் தகராறைப் போராக்கினார். 1848 ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து நியூ மெக்சிகோ வரை கைக்கு வந்தது. விலை மறுபடியும் 1.5 கோடி டாலர். லிங்கன் அப்போது காங்கிரஸில் புதுமுகம். அமெரிக்க ரத்தம் சிந்திய அந்த இடம் யாருடைய மண், காட்டுங்கள் பார்ப்போம் என்று போல்க்கைக் குடைந்தார்.

போர் நடக்கும்போதே பென்சில்வேனியாவின் டேவிட் வில்மட், மெக்சிகோவிடம் எடுக்கும் எந்த நிலத்திலும் அடிமைமுறை கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார். கறுப்பர் மேல் இரக்கத்தால் அல்ல. உழைக்கும் வெள்ளையருக்கு நிலம் வேண்டும் என்பதே தன் வாதம் என்று அவரே சொன்னார். செனட்டில் அது நிறைவேறவில்லை. ஆனால் வாக்கெடுப்பில் கட்சிக்காரர்கள் கட்சிப்படி நிற்காமல் வடக்கு, தெற்கு என்று பிரிந்து நின்றார்கள். கூடாரம் கிழியத் தொடங்கியது அங்கேதான்.

1850 சமரசத்தில் தப்பியோடியவர் சட்டம் ஏன் அவ்வளவு கொதிப்பை உண்டாக்கியது?

கலிஃபோர்னியா சுதந்திர மாநிலமாக வந்ததற்கு ஈடாகத் தெற்குக்குக் கொடுத்த சட்டம் அது. பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது, தன் தரப்பைச் சொல்லவும் உரிமை கிடையாது. ஓர் ஆணையர் விசாரிப்பார். அடிமை என்று ஒப்படைத்தால் ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். ஒப்படைக்க எழுத்து வேலை அதிகமாம்! ஓடிவந்தவருக்குச் சோறு போட்டால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அதுவரை அடிமைமுறையைத் தூரத்து விஷயமாக நினைத்திருந்த பாஸ்டன்காரர், தன் தெருவிலேயே ஓர் ஆளை விலங்கு பூட்டி இழுத்துப் போவதைப் பார்த்தார்.

கான்சாஸில் என்ன நடந்தது?

1854இல் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் மிசோரி சமரசத்தில் போட்ட எல்லைக்கோடு இனி இல்லை என்று ஆக்கிவிட்டு, அடிமைமுறை வேண்டுமா என்று அந்தந்த ஊர் மக்களே முடிவு செய்யட்டும் என்றார். சிகாகோவிலிருந்து மேற்கே ரயில் போடத் தெற்கின் ஓட்டு அவருக்குத் தேவைப்பட்டது. கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. 1855 மார்ச் தேர்தலில் கான்சாஸின் தகுதியுள்ள வாக்காளர்கள் 2,905 பேர், விழுந்த ஓட்டு 6,300க்கு மேல். மிசோரியிலிருந்து துப்பாக்கியோடு வண்டி வண்டியாக வந்து குத்திவிட்டுப் போயிருந்தார்கள். கள்ள ஓட்டு நமக்குப் புதிதில்லை, இந்த அளவு கொஞ்சம் புதிது.

1856 மே மாதம், அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் குடியேறியிருந்த கான்சாஸின் லாரன்ஸ் ஊரை அடிமைமுறை ஆதரவாளர்கள் சூறையாடினார்கள். மறுநாள் செனட் அவையிலேயே, அடிமைமுறையை எதிர்த்துக் கான்சாஸ் பற்றி இரண்டு நாள் காரமாகப் பேசியிருந்த செனட்டர் சார்லஸ் சம்னரை, பிரஸ்டன் புரூக்ஸ் என்ற தென் கரோலினா உறுப்பினர் கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். தடி உடையும்வரை அடித்தார். தெற்கிலிருந்து ரசிகர்கள் அவருக்குப் புதுத் தடிகள் அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து அடிமைமுறையின் தீவிர எதிர்ப்பாளர் ஜான் பிரௌனும் ஆட்களும் கான்சாஸில் அடிமைமுறை ஆதரவாளர்கள் ஐந்து பேரை வீட்டிலிருந்து இழுத்துவந்து வெட்டிக் கொன்றார்கள். இந்தக் களேபரத்தில், அன்றைய இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி கரைந்தது. புது நிலத்தில் அடிமைமுறை கூடாது என்ற ஒரே புள்ளியில், பின்னாளில் லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சி பிறந்தது.

டிரெட் ஸ்காட் வழக்கைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ராணுவ மருத்துவர் ஒருவரின் அடிமை டிரெட் ஸ்காட். எஜமானரோடு இலினாய், பிறகு இன்றைய மினசோட்டா என்று அடிமைமுறை இல்லாத இடங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார். அங்கேதான் ஹேரியட்டை மணந்தார். 1846இல் செயின்ட் லூயிஸில் இருவரும் விடுதலை கேட்டு வழக்குப் போட்டார்கள். பதினோரு ஆண்டு இழுத்து, 1857 மார்ச் 6இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தள்ளிவிட்டது. அடிமை வழி வந்த கறுப்பர் குடிமகனே இல்லை, அவர் வழக்குப் போடவே முடியாது, புது நிலங்களில் அடிமைமுறையைத் தடுக்கக் காங்கிரஸுக்கு அதிகாரமும் இல்லை என்றார் தலைமை நீதிபதி டானி. அதாவது குடியரசுக் கட்சியின் கொள்கையே சட்டவிரோதம் என்று ஆகிவிட்டது. சண்டையை முடித்துவைக்கிறேன் என்று எண்ணெய் ஊற்றிய கதை.

ஸ்காட்டின் முதல் எஜமானருடைய மகன் ஒருவர் இரண்டே மாதத்தில் அந்தக் குடும்பத்தை விடுவித்தார். ஸ்காட் ஒரு ஹோட்டலில் சுமை தூக்கிப் பிழைத்தார். அடுத்த ஆண்டே காசநோயில் இறந்துபோனார்.

அடிமைமுறை இருக்கிற இடத்தில் இருந்துகொள்ளட்டும் என்று லிங்கன் சொல்லியும் தெற்கு ஏன் பிரிந்தது?

நல்ல கேள்வி. இருக்கும் மாநிலங்களில் அடிமைமுறைக்குக் கைவைக்க முடியாதபடி ஒரு திருத்தத்தையே 1861இல் காங்கிரஸ் நிறைவேற்றி அனுப்பியது. பிரிந்தவர்களைத் திரும்ப இழுக்க அதுவும் போதவில்லை. 1860இல் சுதந்திர மாநிலங்கள் 18, அடிமை மாநிலங்கள் 15. செனட் கைவிட்டுப் போயாயிற்று. பத்துத் தென் மாநிலங்களில் தன் பெயருக்கு ஓட்டுச்சீட்டே இல்லாமல் லிங்கன் ஜெயித்தார். அதாவது ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க இனித் தெற்கின் ஓட்டே தேவையில்லை. அடிமைகளின் சந்தை மதிப்பு சுமார் 300 கோடி டாலருக்கு மேல். மேற்கே புதுச் சந்தை அடைபட்டால் அந்த விலை என்னாகும்? 1860 டிசம்பர் 20இல் தென் கரோலினா முதலில் வெளியேறியது.

மாநில உரிமைக்காகத்தான் பிரிந்தோம் என்கிறார்களே?

தப்பியோடியவர் சட்டம் வடக்கு மாநிலங்களின் உரிமையை மிதித்தபோது தெற்கு கைதட்டியது. அதோடு, பிரியும்போது மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கையின் தொடக்கத்திலேயே, தங்கள் நிலை அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்று இருக்கிறது. அவர்களே சொன்னதை நாம் ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும்?

நம் ஊருக்கும் இதற்கும் தொடர்பு ஏதாவது உண்டா?

பருத்தி வழியாக உண்டு. அமெரிக்கப் பருத்தியையே நம்பியிருப்பது ஆபத்து என்று இங்கிலாந்து ஆலைக்காரர்கள் நினைத்ததால், 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தோட்டக்காரர்களை வரவழைத்துக் கோயம்புத்தூரில் அமெரிக்க ரகத்தைப் பயிரிட்டுப் பார்த்தது. மேற்பார்வை, தாவரவியலாளர் ராபர்ட் வைட். பெரிதாகப் பலிக்கவில்லை. பிறகு போரில் தென் துறைமுகங்கள் அடைபட்டபோது திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு யோகம் அடித்தது, தூத்துக்குடியில் ஏற்றுமதி பெருகியது. போர் முடிந்ததும் விலை இறங்கியது.

போர் முடிந்த அன்றே எல்லோருக்கும் விடுதலையா?

இல்லை. 1863 ஜனவரி 1இல் லிங்கன் வெளியிட்ட பிரகடனம், கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டும். போரில் வடக்கோடு நின்ற கென்டக்கியிலும் டெலவேரிலும் அடிமைமுறை தொடர்ந்தது. 1865 டிசம்பரில், அடிமைமுறையை ஒழிக்கும் அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அங்கே ஒழிந்தது. கென்டக்கி சட்டமன்றம் அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது 1976இல். மிசிசிப்பி 1995இல் கொடுத்தது. அதற்கான தாளை வாஷிங்டனுக்கு அனுப்பிப் பதிவு செய்ய மறந்துபோய், 2013இல்தான் அனுப்பினார்கள்.